எக்ஸ் அச்சு இயற்கையின் கட்டளையா?

1905-ம் வருஷத்தில் ஐன்ஸ்டீன் தமது சார்புத் தத்துவத்தை வெளியிட்டபோது, கணக்கைச் சுருக்க வேண்டி, ஓட்டம் எக்ஸ் அச்சின் வழியே நடப்பதாக வைத்துக்கொண்டார். அது கணக்குப் போடுகிறவரின் சௌகரியமேயொழிய இயற்கையின் கட்டளையல்ல. ஆனால் அநேக பாடப் புத்தகங்கள் அந்தச் சௌகரியத்தையே சட்டமாக்கி, நாலு சமன்பாடுகளை நெட்டுருப் போடச் சொல்லுவதோடு நின்றுவிடுகின்றன. வேறு திசையில் ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன பதில்?

பதில் ஒன்றும் தேவரகசியமல்ல. எந்த நீளத்தையும் ஓட்டத்தின் வழியே ஒரு கூறு, குறுக்கே ஒரு கூறு என இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான். முன்னது மாறும், பின்னது இம்மியும் மாறாது. ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தோடு ஓடும் 100 சென்டிமீட்டர் கோலைப் பாருங்கள். ஓட்டத்தின் வழியே நீட்டியிருந்தால் நம் அளவில் 80 சென்டிமீட்டர். குறுக்கே இருந்தால் அதே 100. தன்னோடு ஓடுகிறவர் அளவில் வழியே 60, குறுக்கே 80 என்று சாய்ந்திருந்தால், 60 மட்டும் 48 ஆகி, கோல் சுமார் 93 சென்டிமீட்டர் ஆகும். எத்திசைக்கும் இதே கணக்குத்தான்.

அத்தாட்சி வேண்டுமா? ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிச் சாலையில் 14 மீட்டர் குறுக்களவுள்ள வளையத்தில் மியூவான் துகள்களைச் சுற்றவிட்டார்கள். அசையாதிருந்தால் சராசரி 2.2 மைக்ரோ செகண்டு வாழும் துகள், சுமார் 64 மைக்ரோ செகண்டு வாழ்ந்ததென்று 1977-ல் முடிவு வெளியாயிற்று. வளையத்தில் ஓடுவதன் திசை கணத்துக்குக் கணம் மாறுகிறதல்லவா? ஆயினும் தத்துவம் சொன்ன 29 மடங்கு பொய்க்கவில்லை.

திசை மாறுவதை அலட்சியம் செய்தால் வரும் கேட்டையும் சொல்லுவோம். ஒரு திசையில் ஒரு வேகமாற்றமும், சாய்ந்த வேறொரு திசையில் இன்னொன்றும் செய்தால், இரண்டும் சேர்ந்து வெறும் வேகமாற்றமாய் நிற்பதில்லை; கூடவே ஒரு சுழற்சியும் வந்துவிடுகிறது. இதைக் கவனியாததால், அணுவில் எலெக்ட்ரானின் தற்சுழற்சியால் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும் அளவு, கண்டதைப்போல் இரண்டு மடங்காகக் கணக்கில் வந்து நிபுணர்களைத் திகைக்க வைத்தது. 1926-ல் லெவெலின் தாமஸ் என்பவர் அச்சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிட்டார், இரட்டிப்பு ஒழிந்தது.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். எல்லாத் திசைக்கும் பொதுவான விதியை முதலில் சொல்லிக்கொடுங்கள்; எக்ஸ் அச்சை அதற்கு ஓர் உதாரணமாகக் காட்டுங்கள். உதாரணத்தையே விதியென்று நம்பினால், நிபுணராயினும் கணக்கு இரண்டு மடங்கு பிசகும்.