வாடகை டிரெய்லரும் ‘முதலாளி’ப் பட்டமும்

பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்த தோட்டங்களிலும், பனையும் போய் வீட்டு மனை வந்த தோட்டங்களிலும் நம் பிள்ளைகள் தேடிக்கொண்ட பிழைப்புகளில் லாரி ஓட்டம் முக்கியமானது. ஜொகூரில் அதற்கு வழியும் இருக்கிறது. 1977-ல் பாசீர் கூடாங் துறைமுகமும், 2000-ம் ஆண்டையொட்டித் தஞ்சோங் பெலெப்பாஸும் வந்தபின், சிகாமட், குளுவாங், கூலாய்ப் பக்கம் இரவு பகலாகச் சரக்கு ஓடுகிறது. கூலிக்கு ஓட்டியது போதும் என்று சிலர் பழைய பிரைம் மூவர் ஒன்றைக் கடனில் வாங்கி, பின்னால் மாட்டும் டிரெய்லரை மாத வாடகைக்கு எடுத்துச் சொந்தத் தொழிலில் இறங்குகிறார்கள்.

இம்முயற்சியைக் குறை கூற நாம் வரவில்லை. டிரெய்லரை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பதில் நியாயமும் உண்டு. கைமுதல் முடங்காது, கொள்கலன் ஓட்டம் குறைந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தட்டு டிரெய்லர் எடுக்கலாம். ஆயின் கணக்கை முழுதாகப் பார்த்தவர் எத்தனை பேர்?

வாடகை 30 நாளும் ஓடும்; லோடு 30 நாளும் வராது. மாதத்தில் 18 நாள் ஓட்டம் என்றால், அந்த 18 நாள் வருமானமே 30 நாள் வாடகையையும் சுமக்க வேண்டும். துறைமுக வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்? மழை நாளில் பால் வெட்டுக்குப் போக முடியாதவனின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியும். அவனுக்காவது மரத்துக்கு வாடகை கட்டும் தலைவிதி இல்லை.

அடுத்தது டயர். மூன்று அச்சு டிரெய்லருக்கு 12 டயர். தேய்ந்தால் யார் மாற்றுவது? பிரேக் பழுதானால்? டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனிப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பரிசோதனையில் தவறினால், வண்டி நிற்கும் நாளுக்கும் வாடகை உண்டா? ஒப்பந்தத் தாளில் இவை பொடி எழுத்தில் கிடக்கும். கிராணிமார்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: உங்கள் தோட்டத்துப் பையன் அந்தத் தாளைக் கொண்டுவந்தால் கையெழுத்திடுமுன் படித்துச் சொல்லுங்கள். டிரெய்லரை எடுக்கும் அன்றே டயர் எண்களைக் குறித்துப் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். முன்பணம் பெரும்பாலும் டயரில்தான் கரைகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து அனுமதிப் பத்திரத்தில் இருக்கிறது. பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற ‘ஏ’ வகை உரிமம் வேண்டும். அது இல்லாதவர் வேறொருவர் உரிமத்தின் நிழலில் ஓடுகிறார். 2025 மே 13-ல் தெலுக் இந்தானில் அளவுக்கு மீறிய பாரமேற்றிய லாரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டனர். சில நாளில் ஓட்டுநர் நீதிமன்றக் கூண்டில் நின்றார். அடுத்த மாதம் கெரிக்கில் பஸ் கவிழ்ந்து 15 மாணவர்கள் பலியாயினர். அதன் பிறகே உரிமங்களைக் குத்தகைக்கு விடும் வழக்கத்துக்கு முடிவுகட்டப் போவதாகப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். நிழல் விலகினால், வெயிலில் நிற்பவர் வாடகைக்காரர்தான்.

‘முதலாளி’ என்ற பட்டத்தின் விலையையும் சொல்ல வேண்டும். கூலிக்கு ஓட்டியபோது சேமநிதிக்கு முதலாளி தம் பங்கைக் கட்டினார், சொக்சோ இருந்தது, சங்கத்தில் சேரும் உரிமை இருந்தது. சொந்த வண்டிக்காரர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்லர். அதே கம்பெனியின் சரக்கை அதே சாலையில் ஓட்டினாலும் சேமநிதியில் முதலாளி பங்கு விழாது. சுயதொழில் செய்வோருக்கான 2017-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020 முதல் சரக்கு வண்டிக்காரரையும் அணைக்கிறது. சந்தாவை அவரே கட்ட வேண்டும். கட்டாமல் விடுபவர்களே, அடுத்த விபத்து வரை காத்திருக்காதீர்கள்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் வண்டியைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியவர்களின் கதையை 2017-ல் ‘யூ.எஸ்.ஏ. டுடே’ வெளியிட்டது. வாரம் முழுதும் ஓட்டியும், பிடித்தம் போகக் கம்பெனிக்கே கடன்பட்டவர்கள் அதில் உண்டு. கலிபோர்னியா 2019-ல் இத்தகையோரைத் தொழிலாளராகக் கருதச் சட்டம் செய்தது. வேடிக்கை என்னவென்றால், 2022-ல் அதை எதிர்த்து ஓக்லண்ட் துறைமுகத்தை மறித்தவர்களும் சொந்த வண்டிக்காரர்களே. சொந்தத் தொழில் என்ற ஆசையை ஏளனம் செய்ய முடியாது; அதற்கு வேறு உருவம் தேடவேண்டும்.

உருவம் நம்மிடமே இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளியின் மாதம் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டமே வாங்கியது. பத்து ஓட்டுநர் சேர்ந்து ஒரு கூட்டுறவாகி, உரிமத்தைத் தங்கள் பெயரிலேயே பெற்று, நாலு டிரெய்லரைச் சேர்ந்து வாங்க ஏன் இயலாது? வண்டி சும்மா நிற்கும் நாளின் நஷ்டம் பத்துப் பேருக்குப் பங்காகும். இதற்கான விதிகளைத் தமிழில் எழுதித் தோட்டம்தோறும் கொடுக்க ஜொகூர்க் கிளைகள் முன்வர வேண்டும். வாடகைத் தாளில் கையெழுத்திடப் போகிறவர்கள் அதுவரை பொறுத்திருக்க முடியாது. அவர்கள் இன்றே கிளைச் செயலாளரிடம் தாளைக் கொண்டுவரட்டும்.