போதகர் கையில் அரசுக் கஜானா

அமெரிக்கா 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. வாங்கிய கையோடு மறந்தும் போனது. அடுத்த 17 ஆண்டுகள் அங்கே முறையான குடிமை நிர்வாகமே கிடையாது. கேட்பாரற்றுக் கிடந்த அந்த நிலத்துக்குள்தான் ஷெல்டன் ஜாக்சன் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் நுழைந்தார்.

1834-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் படித்தவர். குள்ளமான, மெலிந்த மனிதர். வெளிநாட்டு ஊழியத்துக்கு இந்த உடம்பு தாங்காது என்று சபை கைவிரித்ததால் மேற்கு எல்லைக்குப் போனார். ரயில் பாதை நீண்ட திசையெல்லாம் சபைகளை நிறுவிக்கொண்டே போனார். 1877-இல் அலாஸ்காவின் ரேங்கல் துறையில் இறங்கியபோது, கிளா என்ற சிம்ஷியன் பழங்குடி இளைஞர் அங்கே ஏற்கெனவே பள்ளியும் வழிபாடும் நடத்திக்கொண்டிருந்தார். முன்னோடி என்ற பட்டம் என்னவோ ஜாக்சனுக்குத்தான் போனது.

ஜாக்சனின் உண்மையான திறமை பிரசங்க மேடையில் இல்லை, வாஷிங்டனில் இருந்தது. ஊர் ஊராகப் பேசி, பத்திரிகைகளில் எழுதி, நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டி, அலாஸ்காவுக்கு ஒரு நிர்வாகம் வேண்டும், பள்ளிகள் வேண்டும் என்று நச்சரித்தார். செனட்டர் பெஞ்சமின் ஹாரிசனும் பிரஸ்பிட்டேரியன் சபை மூப்பர்தான், பின்னாளில் ஜனாதிபதியானவர். அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் 1884-இல் நிறைவேறியது. இன வேறுபாடு பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தர 25,000 டாலர் ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை.

கோளாறு அடுத்த ஆண்டே தொடங்கியது. அந்தப் பணத்தைச் செலவிடும் கல்வி முகவராக 1885-இல் அரசு நியமித்தது ஜாக்சனைத்தான். சபையின் ஊழியப் பொறுப்பையும் அவர் விட்டுவிடவில்லை. பணம் கேட்டவரும் அவர், கொடுப்பவரும் அவர், வாங்கும் பள்ளிகளில் பல அவருடைய சபையினுடையவை. மற்றச் சபைகளோடு பேசி அலாஸ்காவைப் பங்கு பிரித்துக்கொண்ட கதையும் உண்டு. யூக்கான் ஆற்றங்கரை எப்பிஸ்கோப்பலியருக்கு, கஸ்கோக்விம் மொரேவியருக்கு, தென்கிழக்கு பிரஸ்பிட்டேரியருக்கு. அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தென்கிழக்கில் அவருடைய சபை நடத்திய சிட்கா பள்ளியில் பிள்ளைகள் தாய்மொழி பேசத் தடை இருந்தது. ஆங்கிலம் பேசினால்தான் நாகரிகம் என்பதில் ஜாக்சனுக்குத் துளியும் சந்தேகமில்லை. அதே மனிதர்தான் அந்த மக்களின் முகமூடிகளையும் கருவிகளையும் தேடித்தேடிச் சேர்த்து சிட்காவில் அருங்காட்சியகம் அமைத்தார். பொருளைக் காக்கத் தெரிந்தவருக்கு மொழியைக் காக்கத் தோன்றவில்லை.

துருவமான் விவகாரத்திலும் இதே கதைதான். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் கடல் வளத்தைச் சூறையாடியதால் வடகரையின் இனுப்பியாக் மக்கள் பசியில் வாடுகிறார்கள் என்று ஜாக்சன் எடுத்துச் சொன்னார். கேப்டன் மைக்கேல் ஹீலியின் ‘பேர்’ கப்பலில் சைபீரியாவிலிருந்து மான்களைக் கொண்டுவந்தார். 1892-இல் வந்தவை 171. பத்தாண்டில் மொத்தம் 1,280. ஆனால் 1905-இல் அரசு விசாரணை நடத்தியபோது, மந்தைகளில் பெரும்பகுதி ஊழிய நிலையங்களின் பிடியில் இருந்தது, யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவர்களிடம் இல்லை என்பது வெளிப்பட்டது. ஜாக்சன் பதவியிலிருந்து விலகினார். 1909-இல் காலமானார்.

அவரைத் திருடன் என்று சொல்ல முடியாது. சொந்தப் பைக்காக அவர் இதைச் செய்யவில்லை. தணிக்கை செய்ய ஆளில்லாத நல்லெண்ணம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். சபை, பள்ளி, கஜானா மூன்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்த வாஷிங்டனுக்கும் அந்தப் பழியில் பங்குண்டு.

அவர் எதிர்பாராத விளைவும் ஒன்று உண்டு. சிட்கா பள்ளியில் படித்த பீட்டர் சிம்ப்சன் போன்றவர்கள் 1912-இல் அலாஸ்கா பழங்குடிச் சகோதரத்துவச் சங்கத்தை உருவாக்கினார்கள். அங்கே படித்த டிலிங்கிட் இன வழக்கறிஞர் வில்லியம் பால், 1924-இல் அலாஸ்கா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் பழங்குடியினர் ஆனார். எலிசபெத் பெராட்ரோவிச்சும் அதே பள்ளிதான். 1945-இல் இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் நிறைவேற முன்னின்று வாதாடியவர். இந்தப் புகழையும் ஜாக்சன் கணக்கில் எழுதுவது அநியாயம். கற்ற ஆங்கிலத்தைத் தங்கள் உரிமைக்குப் பயன்படுத்தியது அவர்களுடைய சாமர்த்தியம். அன்று தடை செய்யப்பட்ட தாய்மொழிகளின் நிலையும் மாறியது: 2014-இல் அலாஸ்கா அரசு, டிலிங்கிட் உள்ளிட்ட 20 பழங்குடி மொழிகளை ஆட்சி மொழிகளாக அறிவித்தது.