மாதிரியின் பெயரையும் எழுதுங்கள்

ஊட்டிக்கு மேலே 2014 டிசம்பர் 1 அன்று திரண்ட ஓர் இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உருவானதாக 2019இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அதுவரை பலூன் விட்டு அளந்தவற்றில் உச்சமானதைவிட அது பத்து மடங்கு. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த மேகத்துக்குள் எந்தக் கருவியும் போகவில்லை.

ஊட்டியில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் மியூவான் என்னும் துகள்களை எண்ணுகிறது. விண்ணிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான் காற்றின் அணுக்கருவில் மோதிச் சிதறும்போது பயான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. அவை சிதைந்து மியூவான்களாகி மழைபோல் தரைக்கு இறங்குகின்றன; இந்தத் துகள்மழையே காற்றுப்பொழிவு. 560 சதுர மீட்டர் பரப்புள்ள அந்த மியூவான் தொலைநோக்கியின் இரும்புக் குழாய்கள், ஒரு காலத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் புரோட்டான் சிதைவைத் தேடியவை. பழைய கருவிக்கு இப்படியொரு மறுவாழ்வு தந்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

மேகத்தின் மின்புலம் மின்னூட்டமுள்ள மியூவான்களைப் பாதிக்கும். அந்த இடிமழையின்போது மியூவான் வரத்து சுமார் 2 சதவீதம் குறைந்தது. கருவி அளந்தது அதை மட்டுமே.

அந்த இரண்டு சதவீதத்தை வோல்ட் கணக்காக மாற்றித் தந்தது கோர்சிகா என்ற கணினி நிரல். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் கஸ்கேட் என்ற காற்றுப்பொழிவுப் பரிசோதனைக்காக உருவாகி, இன்று காற்றுப்பொழிவு ஆய்வர்கள் உலகெங்கும் கையாளும் நிரல் அது. ஒவ்வொரு துகளும் எங்கே மோதும், எதுவாகச் சிதையும், எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்பதை நிகழ்தகவின்படி தேர்ந்து, ஒரு பொழிவு முழுவதையும் படிப்படியாகக் கட்டியெழுப்புகிறது. இதில் மின்காந்த வினைகள் நன்கு தெரிந்தவை. சிக்கல் அணுக்கரு மோதல்களில்தான். குவார்க்குகளின் அடிப்படைக் கோட்பாடு கையில் இருந்தும், இத்தகைய மோதல்களில் பெரும்பாலானவற்றை அதிலிருந்து நேரடியாகக் கணக்கிட முடிவதில்லை. ஆகவே எபோஸ், சிபில், கியூஜிஎஸ்ஜெட் என்று வெவ்வேறு மாதிரிகள். துகள் முடுக்கிகளில் கிடைத்த தரவுக்கு ஏற்பச் சீரமைத்து, முடுக்கி எட்டாத ஆற்றலுக்கும் அவற்றை நீட்டிக்கிறார்கள்.

அப்படி நீட்டிய இடத்தில் விரிசல் தெரிகிறது. அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கும் பியர் ஆஜே ஆய்வகம், மாதிரிகள் எதிர்பார்த்ததைவிட 30 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதலான மியூவான்களைக் கண்டது. இந்த 'மியூவான் புதிர்' இன்னும் அவிழவில்லை. பொழிவைத் தீர்மானிக்கும் ஆற்றலின் பெரும்பங்கு, மோதலுக்குப் பின் நேர்முன்னே பறக்கும் துகள்களிடம் இருக்கிறது. முடுக்கியிலோ அவை கற்றைக் குழாயோடு போய்விடுவதால் பெரும்பாலான கருவிகளின் கண்ணில் படுவதில்லை. காற்றில் நடப்பதை நெருங்கிப் பார்ப்பதற்காகவே 2025 ஜூலையில் ஜெனீவாவின் பெரும் ஹாட்ரான் மோதுவிப்பானில் புரோட்டானை ஆக்சிஜன் அணுக்கருவோடு மோதவிட்டார்கள்.

மாதிரியும் அளவீடும் முரண்படுவதை அறிவியலின் தோல்வியாகக் காண்பது பெரும் தவறு. எங்கே தேட வேண்டும் என்று அந்த முரண்தான் காட்டுகிறது. ஆனால் தமிழில் வரும் அறிவியல் செய்திகளில், அளவீட்டுக்கும் முடிவுக்கும் இடையிலான இந்த நடுப்பகுதி முழுக்கக் காணாமல் போகிறது. கருவி கண்டது, விஞ்ஞானி சொன்னார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. எண்ணைப் பெறும் வாசகருக்கு அது பிறந்த வழியையும் அறியும் உரிமை உண்டு.

இந்த இதழுக்கு அறிவியல் கட்டுரை அனுப்பும் நண்பர்கள் இனி எது அளந்தது, எது கணித்தது என்பதைப் பிரித்து எழுத வேண்டும். கணித்த மாதிரியின் பெயரையும் அதன் பிழைவரம்பையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அதற்காகக் கட்டுரை ஒரு பக்கம் நீண்டாலும் அந்தப் பக்கத்தை இதழ் தரும்.