மாலுமியின் ஏழ்மைக்கு யார் பொறுப்பு?

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய மாலுமி என்றதும், சினிமாவும் நாவலும் காட்டிய ஆள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறான். வீடு வாசல் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாது, கையில் காசு வந்தால் சாராயக்கடையில் தொலைத்துவிட்டு மறுபடி கப்பலேறுவான். அவனது ஏழ்மைக்கு அவன் குணமே காரணம் என்று இந்தச் சித்திரம் சொல்லாமல் சொல்கிறது.

இது அவதூறு.

1653-ல் அரசுக் கடற்படை தேர்ந்த மாலுமிக்கு மாதம் 24 ஷில்லிங் என்று சம்பளம் நிர்ணயித்தது. கப்பலிலேயே சாப்பாடு. வயலில் கூலிவேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் அன்றைக்கு இது குறைவில்லை. போர்க்காலத்தில் ஆள் தட்டுப்பாடு வந்தால் வணிகக் கப்பல்கள் இன்னும் கூடுதலாகவே கொடுத்தன. காற்றில் ஆடும் பாய்மரத்தில் ஏறிப் பாய் சுருட்டவும், சுக்கான் பிடிக்கவும், ஈயக்குண்டு இறக்கி ஆழம் பார்க்கவும் பல வருடப் பழக்கம் வேண்டும்; அதற்குத்தான் அந்தச் சம்பளம். பலர் சொந்தப் பணத்தில் சிறு சரக்கு வாங்கிவந்து விற்றார்கள். முதலாளி சம்பளம் தர மறுத்தால், கடல் வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். லண்டனின் வாப்பிங், ராட்கிளிஃப் பகுதிகளில் அவர்களுக்குக் குடும்பங்கள் இருந்தன. கணவர் கடலில் இருக்கையில் சம்பளத்தை வாங்கிக் குடும்பம் நடத்தியவர்கள் மனைவிமார்.

எட்வர்ட் பார்லோவைப் பாருங்கள். 1642-ல் மான்செஸ்டர் பக்கம் ஓர் ஏழை வீட்டில் பிறந்தவர், 1659-ல் கடலுக்குப் போனார். பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சுக்காரர்களிடம் கைதியாக இருந்தபோது தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார்; கப்பல்களையும் துறைமுகங்களையும் தன் கையாலேயே வரைந்து சேர்த்தார். பின்னாளில் கப்பலுக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு உயர்ந்தார். மோசமான சாப்பாட்டையும், சரக்குச் சேதத்தைக் காட்டிச் சம்பளத்தில் கைவைத்த முதலாளிகளையும் கண்டு அவர் எழுத்து பொருமுகிறது.

குடித்தவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் வராத சம்பளத்தை எவராலும் குடித்துத் தீர்க்க முடியாது. டச்சுக்காரர்களோடு நடந்த இரண்டாம் போரின்போது ஆங்கிலேய அரசு கஜானாவில் ரொக்கம் இல்லை. காசுக்குப் பதிலாக, பிறகு மாற்றிக்கொள்ளச் சொல்லி, மாலுமிகள் கையில் சம்பளச் சீட்டைத் திணித்தார்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! மாலுமிகள் அந்தச் சீட்டை வந்த விலைக்கு விற்றார்கள். 1667 ஜூனில் டச்சுக் கப்பற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து ஆங்கிலேயரின் ‘ராயல் சார்லஸ்’ போர்க்கப்பலையே இழுத்துப் போனது. டச்சுக் கப்பல்களில் ஆங்கில மாலுமிகளும் இருந்தார்கள் என்றும், முன்பு சீட்டுக்குச் சண்டை போட்டோம், இப்போது காசுக்குப் போடுகிறோம் என்று அவர்கள் கத்தினார்கள் என்றும் கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். எங்கள் கணவர்களுக்குச் சம்பளம் தராததன் விளைவு இது என்று வாப்பிங் தெருக்களில் பெண்கள் கூவியதையும் எழுதியிருக்கிறார்.

அந்த 24 ஷில்லிங், விலைவாசி எவ்வளவோ ஏறியும், 144 ஆண்டுகள் அப்படியே நின்றது. 1797-ல் ஸ்பிட்ஹெட் கடற்படைத் துறையில் மாலுமிகள் நங்கூரம் எடுக்க மறுத்த பிறகுதான் மாதத்துக்கு 5 ஷில்லிங் 6 பென்ஸ் கூட்டிக் கொடுத்தார்கள்.