வயிறு இல்லாத ஹெலிகாப்டர்

1975 மார்ச் மாதம். கனடாவின் டொராண்டோ நகரில் சி.என். டவர் கோபுரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. உச்சியில் 102 மீட்டர் ஆன்டெனாவைப் பொருத்த வேண்டும். அதற்கு முன்னால், கோபுரத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் கட்டுமான கிரேனைக் கழற்றி இறக்கியாக வேண்டும். அவ்வளவு உயரத்தில் இருக்கும் கிரேனை எதை வைத்து இறக்குவது?

வானத்திலிருந்து இன்னொரு கிரேன் வந்தது. செல்லப்பெயர் 'ஓல்கா'. அது ஒரு ஹெலிகாப்டர்.

முதல் நாள் வேலையே விபரீதமாகப் பார்த்தது. ஓல்காவின் கம்பியை மாட்டியதும் கிரேன் லேசாகத் திரும்பிக்கொண்டது. அதைக் கோபுரத்தோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் இறுகிச் சிக்கிக்கொண்டன. கீழே கோபுரம், மேலே ஹெலிகாப்டர், நடுவே ஒரு கம்பி. ஓல்காவால் தூக்கவும் முடியவில்லை, சும்மா விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. எரிபொருளோ தீர்ந்துகொண்டே வருகிறது. உச்சியில் இருந்த இரும்புத் தொழிலாளர்கள், தலைக்கு மேல் விசிறி சுழன்றுகொண்டிருக்க, போல்ட்டுகளை நெருப்பால் அறுத்தெடுத்தார்கள். பாரத்தோடு ஓல்கா பத்திரமாகத் தரையிறங்கியது. அதன் பிறகு ஆன்டெனாவின் 36 துண்டுகளையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய் வைத்தது. ஆறு மாதம் பிடிக்க வேண்டிய வேலை மூன்றரை வாரத்தில் முடிந்தது.

ஓல்காவைப் பார்த்தவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வந்திருக்கும். முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி அறை. பின்னால் நீண்ட முதுகெலும்பு, அதன் மேல் இரண்டு இன்ஜின்கள், ஆறு இறக்கைகள் கொண்ட பெரிய விசிறி. பயணிகளும் சரக்கும் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை. யாரோ வயிற்றை வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கும்.

வயிற்றை எடுத்தவர் இகோர் சிகோர்ஸ்கி. 1889-ல் கீவ் நகரில் பிறந்து, 1919-ல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். 1939-ல், தான் உருவாக்கிய ஹெலிகாப்டரைத் தலையில் தொப்பியோடு தானே ஓட்டிப் பார்த்த மனிதர். மற்றவர்கள் ஹெலிகாப்டரைப் பறக்கும் பஸ்ஸாக நினைத்தார்கள். பஸ் என்றால் உள்ளே ஏறும் அளவுக்குத்தான் சரக்கு. கதவைவிட அகலமான பொருளை என்ன செய்வது? சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால் அந்த எடைக்கும் சேர்த்துச் சரக்கையே தூக்கலாமே! பொருள் எந்த வடிவில் இருந்தாலும் கீழே தொங்கவிட்டால் போதும்.

1959-ல் எஸ்-60 என்ற சோதனை ஹெலிகாப்டர் பறந்தது. பிஸ்டன் இன்ஜின்களுக்கு அந்த வேலை பெரும் பாரம். 1961-ல் அது விபத்துக்குள்ளாகி நொறுங்கியது. ஆனால் யோசனை நொறுங்கவில்லை. ஜெட் வகையைச் சேர்ந்த டர்பைன் இன்ஜின்கள் இரண்டைப் பொருத்திய எஸ்-64, 1962 மே 9 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் 4,500 குதிரைசக்தி. வெறும் எடை 9 டன்னுக்குச் சற்றுக் குறைவு. தூக்கும் எடையும் சுமார் 9 டன். அதாவது தன் எடையையே இன்னொரு மடங்கு சுமக்கும். இரண்டு யானைகளைக் கம்பியில் கட்டித் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவதைவிட, ஆடாமல் கொண்டுபோவதுதான் கஷ்டம். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புரியும். வாளி சுவரில் இடிக்காமல் மேலே வர வேண்டுமென்றால் எட்டிப் பார்த்தபடியேதான் இழுக்க வேண்டும். ஆனால் முன்னால் பார்த்து ஓட்டும் விமானிக்குக் கீழே தொங்கும் பாரம் தெரியாது. கயிறு ஊஞ்சலாட ஆரம்பித்தால் ஹெலிகாப்டரையே இழுத்துக் கவிழ்த்துவிடும். ஆபத்து என்றால் பாரத்தைக் கழற்றி விட்டுவிட வழி உண்டு. ஆனால் கீழே ஆட்கள் நின்றால்?

இதற்கு சிகோர்ஸ்கியின் ஆட்கள் கண்ட வழி, மூன்றாவது இருக்கை. அது பின்பக்கம் பார்த்திருக்கும். அதில் உட்காருபவர் வெறும் பார்வையாளர் அல்ல, அவரும் விமானி. அவர் கையிலும் ஓட்டும் கருவிகள் உண்டு. பாரத்தை மாட்டும்போதும் இறக்கும்போதும் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டே ஹெலிகாப்டரை நகர்த்துவார். இந்த ஹெலிகாப்டரில் எது அற்புதம் என்று கேட்டால், இன்ஜினைவிட அந்த இருக்கையைத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்க ராணுவம் இதற்கு 'டார்ஹி' என்று பெயர் வைத்தது. வயண்டாட் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் பெயர் அது. அவரது பட்டப்பெயர் 'கிரேன்', அதாவது கொக்கு. ஆங்கிலத்தில் பறவைக்கும் பாரம் தூக்கும் இயந்திரத்துக்கும் ஒரே சொல் அல்லவா? பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

1965-ல் டார்ஹி வியட்நாம் போனது. பீரங்கிகளையும் புல்டோசர்களையும் மலை உச்சிகளில் இறக்கியது. விழுந்து கிடந்த 380-க்கும் மேற்பட்ட விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் தூக்கி வந்தது. பெரிய பெட்டி ஒன்றை அடியில் மாட்டினால் அதுவே நடமாடும் மருத்துவமனை. அதே கொக்கு நாலரை டன் குண்டையும் சுமந்துபோய்க் காட்டில் போட்டிருக்கிறது, ஹெலிகாப்டர்கள் இறங்க மரங்களை அழித்து இடம் உண்டாக்குவதற்காக.

போர் முடிந்தது. ராணுவத்துக்கு சினூக் போதும் என்றாகிவிட்டது. அப்போது இதைக் கைவிடாதவர், ஓரிகான் மாநிலத்து மரவியாபாரி ஜாக் எரிக்சன். சாலையே போட முடியாத மலைச்சரிவுகளில் வெட்டிய மரங்களை வானத்தின் வழியே வெளியே கொண்டுவர இதைப் பயன்படுத்தினார். 1992-ல் அவருடைய நிறுவனம் இதைத் தயாரிக்கும் உரிமையையே சிகோர்ஸ்கி நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டே பெரிய வேலை ஒன்று வந்தது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில் 1863 முதல் நிற்கும் சுதந்திரச் சிலையைப் பழுதுபார்க்க இறக்க வேண்டும். கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம், 7 டன்னுக்கு நெருக்கமான எடை. 1993 மே 9 அன்று காலையில் இந்த ஹெலிகாப்டர்தான் அதை அலுங்காமல் கீழே வைத்தது. அக்டோபரில் மறுபடியும் உச்சியில் ஏற்றியது. எஸ்-64 முதன்முதலில் பறந்ததும் ஒரு மே 9 அன்றுதான் என்பதை யாராவது அன்று நினைத்துப் பார்த்தார்களா, தெரியவில்லை.

இன்று உலகம் இதை அறிந்திருப்பது தீயணைக்கும் இயந்திரமாக. காலியாகக் கிடந்த வயிற்றில் 10,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பொருத்தினார்கள். ஏரியோ குளமோ அருகில் இருந்தால் போதும். தரையிறங்காமல் மேலேயே நின்று, யானைத் தும்பிக்கை போன்ற குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு நிமிடத்துக்குள் தொட்டியை நிரப்பிக்கொள்ளும்.

2001 இறுதியில் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சுற்றிக் காடுகள் எரிந்தன. 'எல்விஸ்' என்று பெயரிட்ட எஸ்-64 ஒன்று களத்தில் இருந்தது. 14 தீயணைப்பு வீரர்களைக் காப்பாற்ற அது கொட்டிய தண்ணீர் உதவியது. கிட்டத்தட்ட 300 வீடுகள் தப்பியதிலும் அதற்குப் பங்குண்டு. அன்று முதல் எல்விஸ் ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்கும் தெரிந்த பெயர்.

வடக்கே கோடை முடிந்தால் தெற்கே தீக்காலம் ஆரம்பம். எல்விஸ் போன்ற ஹெலிகாப்டர்கள் ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். அவ்வளவு கடலையும் தாங்களே பறந்து கடக்க முடியாது. விசிறி இறக்கைகளைக் கழற்றி, அன்டனோவ் என்ற ராட்சதச் சரக்கு விமானத்துக்குள் ஏற்றி அனுப்புகிறார்கள். வயிறு இல்லாத ஹெலிகாப்டர் ஊர் ஊராகப் போவது இன்னொரு விமானத்தின் வயிற்றில்!