பங்கேற்றம் நாட்டேற்றம் ஆகுமா?

2019 செபுதம்பர் 20. நடுவணரசின் பொருளமைச்சர் நிருமலா சீதாராமன் கோவாவில் ஓர் அறிவிப்பு விடுத்தார். சலுகைகளை விட்டுவிடும் நிறுமங்களுக்கு அடிப்படை வரி 30 விழுக்காட்டினின்று 22 ஆகக் குறையுமாம்! மேல்வரிகளையும் கூட்டின், பெருநிறுமங்களின் வரிச்சுமை 34.94 விழுக்காட்டினின்று 25.17 ஆயிற்று. மாலைக்குள் மும்பைப் பங்குச்சந்தையின் சென்செக்சுக் குறியெண் 1,921 புள்ளிகள் எகிறியது. நாடே தழைத்துவிட்டதுபோல் ஆர்ப்பரித்தோர் பலர்.

எது தழைத்தது? அன்று காலைக்கும் மாலைக்கும் இடையே ஒரு தறியேனும் கூடுதலாக ஓடிற்றா? ஒரு பட்டறையிலேனும் வரிக்குறைப்பால் ஒருவனுக்குப் புதிதாய் வேலை கிடைத்ததா?

பங்கின் விலை யாது? வரி செலுத்தியபின் அந்நிறுமத்திற்கு வருங்காலத்தில் எஞ்சும் ஈட்டத்தை இன்றே எடையிட்டுக் குறித்த மதிப்பே அது. 100 உருபா ஈட்டத்தில் முன்பு 65 எஞ்சியது. இனி 75 எஞ்சும். பண்டம் பெருகவில்லை, பொதுப்பெட்டிக்குச் சேரவேண்டிய பத்து உருபா பங்குடையார் மடிக்கு மாறியது. அந்த மாற்றத்தின் விலையே அன்றைய ஏற்றம்!

ஐயுறுவார் இதனை நோக்குக: முழுவரி செலுத்திவந்த உந்துவண்டி நிறுமங்கள், வைப்பகங்கள் ஆகியவற்றின் பங்குகள் பாய்ந்தேறின. முன்னரே வரிச்சலுகை பெற்றிருந்த இன்போசிசு, டி.சி.எசு. ஆகிய கணினி நிறுமங்களின் பங்குகளோ அன்று சரிந்தன. ஏறியது நாட்டின் வளமாயின், இவை இறங்குவானேன்?

பங்கு வாங்குவோனைப் பழிக்க வேண்டா. தனக்கு வருவதைக் கணக்கிடுதல் அவன் தொழில். அவன் கைதட்டலை மக்களின் வாழ்த்தொலியென்று ஆள்வோர் காட்டுவதே பழிக்கத்தக்கது.

இழப்பு ஆண்டுக்கு 1.45 இலக்கம் கோடி உருபா என்று அரசே உரைத்தது. அவ்விழப்பு யாருடையது? நிறும வரி மாநிலங்களோடு பகிர்தற்குரியது. அன்றைய பங்கீட்டின்படி, பகிர்வுக்குரிய வரியில் 100 உருபா குறைந்தால் அதில் 42 உருபா மாநிலங்களின் பணம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆகவேண்டிய பணம். நாடாளுமன்றம் கூடுமுன்னரே ஆணைச்சட்டத்தால் இதனைச் செய்து முடித்தனர். கொடை தில்லியினுடையது, குறையோ நம் தமிழ்நாடு உள்ளிட்ட எல்லா மாநிலங்களுக்கும்!

2018-19இல் 6.63 இலக்கம் கோடியாயிருந்த நிறும வரி, 2019-20இல் 5.57 இலக்கம் கோடியாகச் சுருங்கியது. மறு ஆண்டில் கொரோனாத் தொற்றும் சேர, அது 4.57 இலக்கம் கோடியாயிற்று. சம்பளக்காரர் முதலியோர் செலுத்தும் தனியாள் வருமான வரி அதனை விஞ்சியது. பெருநிறுமம் இறக்கிவைத்த சுமையை எவர் தோள் தாங்குகின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தமிழுணர்வுடையீர்! இனிப் பங்குச்சந்தை துள்ளியதென்று முழக்குவார் வரின், எவர் பணம் எவர் மடிக்குப் போயிற்று என்று முதற்கண் வினவுங்கள். வினவாத மக்களின் பெட்டியே முதலில் வெறுமையாகும்!