பத்து மணிக்கு யாருடைய பாட்டு நிற்கிறது?

யாழ்ப்பாணத்தில் வெளியரங்க இசை நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதுசில்லை. ஒன்பதே முக்கால் ஆகும்போது அறிவிப்பாளர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்ப்பார். மேடைப் பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர் ஏற்பாட்டாளரின் காதில் ஏதோ சொல்லுவார். மிச்சம் இருந்த நாலு பாட்டு ரெண்டாகும். கூட்டம் "இன்னொண்டு, இன்னொண்டு" எண்டு கத்தும். பத்து மணி. சவுண்ட்ஸ் ஓஃப்.

இதைப் பற்றி எங்கட வயது ஆக்கள் கதைக்கும்போது ஒன்றில் "பொலிசின்ர கெடுபிடி" என்பார்கள், இல்லாவிட்டால் "எங்கட சனத்துக்கு ரசனை இல்லை" என்பார்கள். இந்த ரெண்டும் எனக்குப் போதவில்லை. அந்தப் பத்து மணி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் கதை கொஞ்சம் வேறு.

பொது நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி பாவிக்க பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80(1) ஆம் பிரிவின் கீழ் அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதியை எப்படிக் கொடுப்பது என்று 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு கட்டளை போட்டது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி சம்பந்தமாகத் தொடங்கிய வழக்கு. பிரதம நீதியரசராக இருந்த சரத் என். சில்வாவின் அமர்வு கொடுத்த கட்டளையோ எல்லா மதங்களுக்கும், எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தியது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அனுமதி இல்லை. மற்ற நேரத்தில் கொடுத்தாலும் சத்தம் அந்த இடத்தின் எல்லையைத் தாண்டி வெளியே போகக்கூடாது. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை: விசேட சமய நிகழ்வுகளுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும் அந்த நேரத்தைத் தாண்டியும் அனுமதி கொடுக்கலாம். ஆனால் அயலில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும், அதைப் பதிவில் வைக்க வேண்டும், ஏன் கொடுத்தோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும்.

ஆக நீதிமன்றம் கேட்டது மூன்று கேள்வி. எத்தனை மணி? சத்தம் எவ்வளவு தூரம் போகுது? பக்கத்து வீட்டார் என்ன சொல்லுகினம்? எங்களிடம் வந்து சேர்ந்தது முதலாவது மட்டும்தான். மணிக்கூடு எல்லாப் பொலிஸ் நிலையச் சுவரிலும் தொங்குது. சத்தத்தை அளக்க மீற்றர் வேணும், அயலாரைக் கேட்க ஒராள் நடக்க வேணும்.

இன்னொரு விஷயம். அந்தக் கட்டளை வந்த நேரம் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டுவிட்டது. இரவில் ஊரடங்கு. பத்து மணிக்கு மேல் பாட்டு வைக்கலாமா என்ற கேள்விக்கே அப்போது இங்கே இடமில்லை. அம்மா இப்பவும் சொல்லுவா, அந்த நாளில இரவில நாய் குரைச்சாலே நெஞ்சு பக்கெண்டும் எண்டு. சத்தமில்லாத இரவுக்கு நிம்மதி என்று அர்த்தமில்லாத காலம் அது. சண்டை முடிந்து, 2011 மார்ச்சில் யாழ்ப்பாண இசை விழா மாதிரியான நிகழ்ச்சிகள் வரத் தொடங்கியபோது, பத்து மணி வரைக்கும் வெளியில் நிற்கலாம் என்பதே எங்கட ஆக்களுக்குச் சலுகை மாதிரித் தெரிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ ஏன் பத்து என்று யாரும் பெரிசாகக் கேட்கவில்லை.

அதுக்கு முந்திய யாழ்ப்பாணம் பத்து மணிக்குப் படுத்த ஊர் இல்லை. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய மேளக்கச்சேரி நடந்ததையும், அளவெட்டித் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்க ஊர்விட்டு ஊர் போனதையும் பெரியாக்கள் கதைகதையாகச் சொல்லுவார்கள். மட்டக்களப்பில் வட்டக்களரியில் கூத்து ஆடினால் காலை ஆகும். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அது கலைக் காரணத்துக்காக எடுத்த முடிவு. அதைப் பற்றி எங்கட பீடத்தில் இன்றைக்கும் சண்டை பிடிக்கலாம். அனுமதிப் பத்திரத்தில் மணி போட்டிருக்கு என்பதற்காக ஒரு கூத்தைச் சுருக்குவது வேறு கதை. அதில் சண்டை பிடிக்கக்கூட ஒன்றுமில்லை.

சரி, பத்து மணிக்கு நிப்பாட்டினால் யாருக்கு நட்டம்? பிரதான பாடகருக்கு இல்லை. இந்தியாவிலிருந்து வருகிறவருடைய ஒன்றரை மணித்தியாலத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். வெயில் தணியாமல் எங்கட வெளியில் எதையும் தொடங்க முடியாது. ஆறரைக்குத் தொடக்கம் என்று நோட்டீசில் போட்டால் ஏழேகாலுக்கு மங்கள விளக்கு. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், அனுசரணையாளருக்குப் பொன்னாடை. இதெல்லாம் முடிய எட்டு மணி. எட்டிலிருந்து பத்து வரைக்குள் எங்கட ஊர்ப் பெடியளின் இசைக்குழுவுக்கு எவ்வளவு மிஞ்சும்? எனக்குத் தெரிந்த ஒருவன் ட்ரம்ஸ் வாசிக்கிறான். ஆறு பாட்டு எண்டு சொல்லி மூன்று மாதம் பழகினவங்கள். மேடையில் கிடைத்தது ரெண்டு. அதிலும் ரெண்டாவதுக்கு நடுவில் ஒரு பிரமுகர் வந்து இருக்கிறார் என்ற அறிவிப்பு. (பொன்னாடைக்கு ஒரு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தால் நான் முதல் கையெழுத்துப் போடுவன்.)

இந்தக் கட்டுப்பாட்டால் நித்திரை காப்பாற்றப்படுகிறவர்களாவது இருக்கிறார்களா என்று பார்த்தால், அதிலும் சந்தேகம். பாலர் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர டிஜே போட்டாலும் அது "பகல் நேரம்". கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, உயரத்தில் கட்டின புனல் மாதிரியான ஸ்பீக்கர் விடிய ஐந்து மணிக்கு ஒலித்தால் போய்ச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பத்து மணி என்ற கோடு இளசுகளின் நிகழ்ச்சியில் மட்டும் தடிப்பாகத் தெரிகிறது. மற்ற இடங்களில் அது அழிறேசரால் அழித்தமாதிரி.

அப்படியென்றால் மணியை விட்டுவிட்டு டெசிபலை அளக்கலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். இலங்கையில் அதுக்கும் ஒரு அட்டவணை இருக்கு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள். மாநகர சபை, நகர சபைப் பகுதிகளில் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளில் 55, 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம். இதில் இரவு என்பது பின்னேரம் 6 மணிக்கே தொடங்கிவிடும், அளப்பது சத்தம் போடுகிற காணியின் எல்லையில்.

அதை அப்படியே ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போட்டுப் பாருங்கள். ரெண்டு பேர் சாதாரணமாகக் கதைத்தாலே ஒரு மீற்றர் தூரத்தில் கிட்டத்தட்ட 60 டெசிபல் வரும். அப்போ காணி எல்லையில் நின்று கதைக்கிற கச்சான் வியாபாரியும் வாங்க வந்தவரும் குற்றவாளிகள். சரி, எல்லையில் வேண்டாம், வீட்டு வாசலில் அளப்போம் என்று வையுங்கள். மேடையிலிருந்து 25 மீற்றரில் 95 டெசிபல் இருக்கிற நிகழ்ச்சி என்றால், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 50 ஆக இறங்க நாலரைக் கிலோமீற்றர் வேண்டும். மதில், மரம், கட்டடம் எல்லாம் கொஞ்சம் குறைக்கும்தான், ஆனாலும் முற்றவெளியில் பாட்டு வைத்தால் கொக்குவில் வரைக்கும் வீடு இருக்கக்கூடாது என்கிற கணக்கு அது. மற்றப் பக்கம் கோட்டை, அதுக்கு அங்கால கடல்நீரேரி. ஸ்பீக்கரைத் தண்ணிப் பக்கம் திருப்பலாம். ஆனால் இரவில் தண்ணிக்கு மேலால் சத்தம் நல்லா ஓடும், மண்டைதீவுச் சனம் ரிக்கற் எடுக்காமலே கேட்கும்.

அதாவது மணிக்கூட்டுச் சட்டம் பொறுப்பில்லாதது, டெசிபல் சட்டம் நடக்க முடியாதது. நடக்க முடியாத சட்டம் இருக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்று இலங்கையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. யாரைத் தெரியும் என்பதில் விஷயம் போய் நிற்கும். பெரிய ஆக்களின் நிகழ்ச்சி "விசேட நிகழ்வு" ஆகும். கலைப்பீடத்து மூன்றாம் வருசப் பிள்ளைகளின் நிகழ்ச்சி ஆகாது.

வேறு இடங்களில் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் 1995 இல் வந்த வழிகாட்டியில் நான் பிடித்துக்கொண்டது ஒரு எளிய யோசனை: எத்தனை நாள் என்பதையும் எவ்வளவு சத்தம் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது. நகரத்து விளையாட்டரங்கில் வருசத்துக்கு 3 நாளுக்கு மேல் இல்லை என்றால், அயல் வீட்டு முகப்பில் 15 நிமிடச் சராசரி 75 டெசிபல் வரை விடலாம். 4 முதல் 12 நாள் வரை வைக்கிற இடம் என்றால், அந்த இடத்தின் வழமையான பின்னணிச் சத்தத்துக்கு மேல் 15 டெசிபல் மட்டும். மேலே போட்ட அதே கணக்கில் 75 என்றால் 250 மீற்றர் போதும். நாலரைக் கிலோமீற்றர் எங்கே, இது எங்கே! அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. அந்த 75 இரவு 11 மணி வரைக்கும்தான். 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு போல் மெக்கார்ட்னியே வந்து பாடியும், பத்தரைக் கெடு தாண்டிவிட்டது என்று மைக்கை நிப்பாட்டிவிட்டார்கள். ஆனால் அந்தக் கெடு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த கெடு, மெக்கார்ட்னிக்கும் அதே கெடு.

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டு விதிகள் எங்களைப் போலவே பத்து மணி, ஆறு மணி. ஆனால் கலை, சமய விழாக்களுக்காக வருசத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு அனுமதிக்கலாம். நாள் எண்ணிக்கைக்கு ஒரு உச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அயல் வீட்டுக்காரருக்கு, இது எத்தனை தரம் நடக்கும் என்று சொல்லலாம்.

கொழும்பில் இரவுப் பொருளாதாரம், சுற்றுலா என்று நேரத்தை நீட்டச் சொல்லும் குரல்கள் அடிக்கடி வரும். எனக்கு அந்தப் பேச்சில் பெரிய ஈர்ப்பு இல்லை. ஹோட்டலுக்குள் வருகிற வெள்ளைக்காரருக்காக நீளுகிற இரவு எங்கட ஊர்த் திடலுக்கு வந்து சேராது.

இந்த இடத்தில் சில தோழிகள் என்னோடு முரண்படுவார்கள், அது நியாயமும் கூட. பத்து மணிக்கு முடியும் என்று எழுதியிருந்தபடியால்தான் அம்மா என்னைப் பல நிகழ்ச்சிகளுக்கு விட்டவ. பன்னிரண்டு எண்டால் விட்டிருக்க மாட்டா. பத்து மணிக்கே பஸ் இல்லாத ஊரில் நேரத்தை மட்டும் நீட்டினால், மோட்டார்சைக்கிள் வைத்திருக்கிற பெடியளுக்குத்தான் அந்த ரெண்டு மணித்தியாலமும் போகும். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் சனம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது இரவு பத்துக்கு முந்தித்தான் நடந்தது. சனத்தை எப்படி இருத்துவது, பெட்டையள் எப்படி வீட்டுக்குப் போவது என்ற கேள்விகளுக்கு மணிக்கூடு பதில் சொல்லாது. ஆனால் நேரத்தை நீட்டக் கேட்கிறவர்கள் கடைசி பஸ்ஸையும் சேர்த்துத்தான் கேட்க வேணும்.

போன வருசம் எங்கட பிள்ளைகள் சின்னதாக ஒரு பாட்டு நிகழ்ச்சி வைத்தபோது, அந்த மூன்றாவது கேள்வியை நாங்களே கேட்டுப் பார்ப்போம் என்று நான்கு பேர் அயல் ஒழுங்கைகளுக்குள் போனோம். பதினொரு வீடு. "வேண்டாம்" என்று சொன்னது ஒரே ஒரு வீடு, அங்கே வருத்தமாய்க் கிடந்த அம்மம்மா ஒருவர். மற்றவர்கள் கேட்டது வேறு விஷயங்கள். "ஏ.எல். சோதினை நேரம் வைக்காதேங்கோ." "அந்தப் பேஸ் பொக்சை எங்கட மதிலுக்கு நேர வைக்காதேங்கோ பிள்ளை, பாட்டுப் பரவாயில்லை, உந்த டும் டும்தான் நெஞ்சுக்க இடிக்குது." ஒரு ஐயா, எத்தனை மணிக்கு முடியும் எண்டு சொல்லிப்போட்டு அந்த மணிக்கு முடியுங்கோ, பத்தோ பதினொண்டோ எனக்குப் பிரச்சினையில்லை என்றார். பேஸ் பொக்ஸ் பற்றி அந்த அக்கா சொன்னது சும்மா இல்லை. வழமையாக அளக்கிற டெசிபல் கணக்கில் தாழ்ந்த சுருதிச் சத்தம் குறைவாகத்தான் பதியும், சுவரைத் தாண்டி வருவதும் அதுதான். மீற்றரில் தெரியாதது அவவுக்குத் தெரிந்திருக்கு. நாங்கள் மேடையைத் திருப்பிப் போட்டோம், பொக்சுகளை அம்மம்மா வீட்டிலிருந்து தள்ளி வைத்தோம். கையெழுத்து வாங்கின தாளை அனுமதி எடுக்கும்போது கொடுத்தோம். பார்த்துவிட்டு, இது தேவையில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். பத்து மணிக்கு நிப்பாட்டவேணும், அவ்வளவுதான்.

அயலாரின் கருத்தைப் பதிய வேண்டும் என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கும்போது, அந்தத் தாள் தேவையில்லாத தாள் ஆனது எப்படி? மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் இப்போது மறுபடி தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முற்றவெளி மாதிரி ஒரு திடலுக்கு வருசத்தில் இத்தனை இரவு, இந்த மணி வரைக்கும், வீட்டு வாசலில் இவ்வளவு சத்தம் என்று ஒரு பட்டியலை அவர்கள் பொலிசோடு இருந்து போடலாம். சோதினை மாதங்களையும் நல்லூர்த் திருவிழா நாட்களையும் வெட்டிவிட்டு மிச்சத்தில் தொடங்கட்டும். அதில் ரெண்டு இரவாவது ஊர் இசைக்குழுக்களுக்கும் கூத்துக்கும் என்று எழுதி வைக்க வேணும், இல்லாவிட்டால் முழுவதையும் பெரிய நிறுவனங்கள் ஜனவரியிலேயே பதிந்துவிடும்.